கோடையிலும் பள்ளி மணி அடிக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். பல ஆண்டுகளாக டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் வசிக்கிறோம். நான்கு பிள்ளைகள். மூத்தவனுக்கு 12 வயது, மகள்களுக்கு 9, 6, கடைக்குட்டிக்கு 2. மூன்று வருடமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், கத்தோலிக்கப் பாடத்திட்டம் ஒன்றை வாங்கி நானே வீட்டில் கற்பிக்கிறேன். மே கடைசியில் பாடங்களை முடித்தோம். மே மாதத்தோடு கோ-ஆப் முடிந்துவிட்டது. கோடை வீணாகிவிடக்கூடாது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டேன். இரண்டாவது வாரத்திலேயே அது சரிந்துவிட்டது. இப்போது மூத்தவன் எந்நேரமும் திரை முன்னால். பெண்கள் இருவரும் காலையிலிருந்து சண்டை. நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வோர் இரவும் செபமாலை யாராவது அழுவதில்தான் முடிகிறது. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த மற்ற வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஒவ்வொரு புனிதர் திருநாளுக்கும் கேக் செய்து, படம் வரைந்து கொண்டாடுகிறார்கள். மாமியார் தொலைபேசியில், ‘பள்ளிக்கூடமும் கிடையாது, லீவும் கிடையாது, பிள்ளைகள் என்னத்துக்கு ஆகும்?’ என்கிறார். கணவரோ, ‘நீதானே வீட்டில் படிக்க வைக்கலாம் என்றாய்’ என்கிறார். கோடையிலும் பாடம் நடத்த வேண்டுமா, ஒரேயடியாக விட்டுவிடலாமா? — பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பாக, அதனுடன் இணைத்திருந்த அட்டவணையைத்தான் படித்தேன். காலை 5.45க்கு எழுவதில் தொடங்கி இரவு 9.15க்குச் செபமாலையில் முடிகிறது. இடையில் திருப்பலி, மறைக்கல்வி, லத்தீன், கணக்கு, புனிதர் வரலாறு, கையெழுத்து, பியானோ, நீச்சல், தோட்டம், தமிழ். இரண்டு வயதுக் குழந்தை என்று ஒன்று அந்த வீட்டில் இருப்பதற்கான தடயமே அதில் இல்லை. அம்மா என்று ஒருத்தி எப்போது உட்காருவாள் என்பதும் இல்லை. இது ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதே பெரிய காரியம். சரிந்ததற்கு உங்கள் சோம்பலும் காரணமில்லை, பிள்ளைகளின் குணமும் காரணமில்லை. மே மாதம் மூடிய பள்ளிக்கூடத்தை ஜூன் மாதம் இன்னும் கடுமையாகத் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். கோடையில் பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1994இல் லீப்பர் வழக்கில் தந்த தீர்ப்புதான் உங்கள் மாநிலத்தில் வீட்டுக்கல்விக்கு அடிப்படை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் எழுத்தில் உள்ள ஒரு பாடத்திட்டத்தைக் கொண்டு உண்மையான அக்கறையோடு கற்பித்தால் போதும். வருடத்துக்கு இத்தனை நாள், இத்தனை மணி என்ற கணக்கு கிடையாது. நியூயார்க்கிலோ பென்சில்வேனியாவிலோ இருந்தால் மணிக்கணக்கும் ஆவணங்களும் வைத்துத்தான் ஆக வேண்டும். அங்கே இருக்கும் தோழிகளின் பதற்றத்தை நீங்கள் கடன் வாங்க வேண்டாம்.

‘மறந்துவிடுவார்களே’ என்ற பயம் வேறு வகை. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1996இல் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், அதுவரை வந்திருந்த 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது என்றும், கணக்குச் செய்முறையிலும் எழுத்துக்கூட்டலிலும்தான் அதிகம் கரைகிறது என்றும் முடிவு சொன்னார்கள். அந்தப் பழைய அளவீடுகள் முழுக்க நம்பத்தக்கவையா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், கோடை முழுக்க வகுப்பறை நடத்த வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மூத்தவனுக்குப் பின்னம், அடுத்தவளுக்கு வாய்ப்பாடு, வாரத்தில் நான்கு காலை, இருபது நிமிடம். ஆறு வயதுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையோ பீன்ஸோ எண்ணட்டும். கணக்கு அத்துடன் சரி. வாசிப்புக்கு நூலகம் இருக்கிறது. குளிரூட்டப்பட்ட கட்டடம், காசில்லாத புத்தகம், சிறுவர்களுக்கான கோடை வாசிப்புத் திட்டம். லத்தீனை ஆகஸ்ட் வரை நிம்மதியாகத் தூங்க விடுங்கள். அது அவசரப்படும் மொழி அல்ல.

இனி நாளின் வடிவத்துக்கு வருகிறேன். உங்கள் அட்டவணை கடிகாரத்தைப் பார்த்துப் போட்டது. ஹூஸ்டன் கோடையை வெயிலைப் பார்த்துத்தான் வகுக்க வேண்டும். பகல் 11 மணிக்குத் தோட்டம், 3 மணிக்கு நீச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலையில் அந்த நேரத்தில் அங்கே புல்லில் கால் வைக்க முடியாது. காற்றின் ஈரம் வேறு ஆளைப் பிழிந்துவிடும். நீங்கள் தூத்துக்குடியில் வளர்ந்தவர், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் உங்கள் அம்மா வேலைகளை எப்படி வகுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். காலையிலேயே பெரிய வேலைகள் முடிந்துவிடும். மதியம் கதவைச் சாத்தி, தரையைத் துடைத்து, பாயை விரித்தால் நான்கு மணிவரை தெருவே அடங்கியிருக்கும். பிறகு காபி, பிறகுதான் மறுபடி வாசல். அந்த ஒழுங்கை அப்படியே ஹூஸ்டனுக்குக் கொண்டு போங்கள்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை வெளியே இருக்கலாம். சைக்கிள், தோட்டம், பூங்கா, எதுவானாலும் சரி. தோட்டத்தில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் ஊரில் கோடை இரவின் வெக்கையில் தக்காளி காய் பிடிக்காது. வெண்டையும் தட்டைப்பயறும்தான் அந்தச் சூட்டில் சிரித்துக்கொண்டு வளரும். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கும் வேலையை ஒன்பது வயதுக்காரியிடம் ஒப்படையுங்கள். அவளுக்கு அது பதவி. (செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் விடாதீர்கள், நெருப்பெறும்பு இருக்கும். இதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

ஒன்பதரைக்கு மேல் கணக்கு, வீட்டு வேலை. குளியலறை துடைப்பது, துணி மடிப்பது, பாத்திரம் அடுக்குவது எல்லாம் வீட்டுக்கல்விக் குடும்பத்தில் ஓர் ஆள் தலையில் மட்டும் விழுந்தால் அந்த ஆள் நவம்பருக்குள் நொறுங்கிவிடுவார். கோடைதான் இதைப் பழக்க ஏற்ற காலம், ஏனென்றால் பாடத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை, ஒரு மாதத்துக்கு அதே வேலை. வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால் நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் அமைதி. உங்கள் கோடையைக் காப்பாற்றப் போகும் ஒரே விதி இதுதான். கடைக்குட்டி தூங்குவான். மற்ற மூவரும் தூங்க வேண்டாம், ஆனால் தனித்தனி இடத்தில், கையில் புத்தகமோ வண்ணப் பென்சிலோ வைத்துக்கொண்டு, திரை இல்லாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டுவார்கள். திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது வாரம் குறையும். அந்த நேரத்தில் நீங்கள் துணி துவைக்கக் கூடாது, அடுத்த வருடப் பாடப்புத்தகங்களைப் புரட்டவும் கூடாது. படுங்கள். சண்டைபோடும் பெண்கள் இருவருக்கும்கூட இதுதான் மருந்து. காலையிலிருந்து இரவுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும் இரண்டு பேர் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்? பள்ளிக்குப் போகும் அக்காள் தங்கைக்கு ஆறேழு மணி நேரப் பிரிவு தினமும் கிடைக்கிறது. உங்கள் பெண்களுக்கு அது கிடையாது, நீங்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

ஹூஸ்டனில் ஜூன் மாதம் சூரியன் இரவு எட்டேகாலுக்கு மேல்தான் மறைகிறது. ஆகவே நீச்சலோ நடையோ ஆறு மணிக்கு மேல் இருக்கட்டும். அதனால் எல்லாரும் தாமதமாகப் படுப்பார்கள், படுக்கட்டும். 5.45 மணி எழுப்பலை எடுத்துவிடுங்கள். வாரநாள் திருப்பலிக்கு வாரம் ஒருமுறை போனால் போதும், அதையும் பிள்ளைகள் எழுந்து தயாராக இருக்கும் நாளில் போங்கள்.

மூத்தவன் விஷயம் அட்டவணையால் தீரக்கூடியது அல்ல. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘மே மாதத்தோடு கோ-ஆப் முடிந்துவிட்டது.’ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதுதான் சாவியாகத் தெரிகிறது. வாரம் ஒருநாள் பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அந்த வகுப்பில்தான் அவனுடைய நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பள்ளிப் பையன்களுக்குக் கோடை என்றால் விடுதலை. உங்கள் பையனுக்குக் கோடை என்றால் நண்பர்கள் காணாமல் போகும் காலம். பன்னிரண்டு வயது ஆணுக்குத் தங்கைகளோடும் கைக்குழந்தையோடும் ஒரே வீட்டில் மூன்று மாதம். அவன் திரைக்குள் போகாமல் வேறு எங்கே போவான்?

திரையைப் பிடுங்கும் முன் அவனுக்கு ஆட்களைக் கொடுங்கள். கோ-ஆப்பில் அவனோடு ஒட்டும் இரண்டு பையன்களின் அம்மாக்களுக்கு இன்றே எழுதுங்கள். வாரத்தில் ஒரு காலை உங்கள் வீட்டில், அடுத்த வாரம் அவர்கள் வீட்டில். திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு பந்தும் ஒரு தர்பூசணியும் இருந்தால் போதும். பங்கில் பீடச் சிறுவனாக இருக்கிறானா? கோடையில் பலரும் ஊருக்குப் போய்விடுவதால் வாரநாள் திருப்பலிக்கும் அடக்கத் திருப்பலிக்கும் பீடப்பணிக்கு ஆள் குறைவாக இருக்கும். பங்குத்தந்தையிடம் அவனே போய், ‘நான் வரட்டுமா?’ என்று கேட்கட்டும். தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற உணர்வு அந்த வயதுக்கு எந்தப் பாடத்தையும்விடப் பெரியது. உங்கள் மறைமாவட்டத்திலோ அருகிலோ ‘தோத்துஸ் தூஸ்’ என்ற கோடை மறைக்கல்வி வாரம் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா மறைமாவட்டத்தில் தொடங்கி, பிறகு பல மறைமாவட்டங்களுக்குப் பரவிய திட்டம். கல்லூரி மாணவர்களும் குருமாணவர்களும் வந்து நடத்துவார்கள். பொதுவாக ஆறாம் வகுப்பு வரையிலான சிறுவர்களுக்குப் பகலிலும், ஏழாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு மாலையிலும் நடக்கும். தங்கைகள் இல்லாத மாலை வகுப்பு என்றாலே உங்கள் மகன் பாதி சம்மதித்துவிடுவான். இருபது வயது அண்ணன் ஒருவன் கிட்டார் வாசித்துக்கொண்டு செபிப்பதைப் பார்ப்பது, அம்மா வாய் வலிக்கச் சொல்லும் நூறு புத்திமதிக்குச் சமம்.

திரைக்கு ஒரு எல்லை வேண்டும்தான். தினமும் பேரம் பேசும் எல்லையாக இருந்தால் தோற்பீர்கள். மாலை 4 முதல் 5 வரை, வீட்டின் நடுக்கூடத்தில், தந்தை ஒருமுறை சொல்லிவிட்டால் முடிந்தது. ஏன் தந்தை என்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் செபமாலை. இரண்டு வயதுக் குழந்தை, பகலெல்லாம் வெயில், இரவு 9.15, பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்றுச் செபம், அதற்கு மேல் மன்றாட்டுமாலை. யார்தான் அழமாட்டார்கள்? குடும்பச் செபமாலை மிக உயர்ந்த பழக்கம், ஆனால் அதைச் சொல்லாவிட்டால் பாவம் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. இரவில் அந்த ஐந்தில் ஒரே ஒரு சுற்று, பத்து மணி மட்டும் சொல்லுங்கள். படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, விளக்கைக் குறைத்து, ஒவ்வொரு நாளும் ஒருவர் தொடங்கட்டும். கடைக்குட்டி உருண்டு புரண்டாலும் விட்டுவிடுங்கள்.

முழுச் செபமாலைக்கு நான் வேறு ஒரு நேரம் சொல்கிறேன், உங்களுக்கு முதலில் பிடிக்காது. ஹூஸ்டனில் காலை ஏழரை என்றால் தூத்துக்குடியில் மாலை ஆறு. உங்கள் மாமியார் விளக்கேற்றிச் செபமாலை எடுக்கும் நேரம் அதுவாகத்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் காணொளி அழைப்பில் அப்பாச்சியோடு சேர்ந்து தமிழில் செபமாலை. ‘அருள் நிறைந்த மரியே’யை முதல் பாதி அப்பாச்சி சொல்ல, மறுபாதி பேரப்பிள்ளைகள் சொல்ல வேண்டும். உங்கள் அட்டவணையில் தனியாக இருந்த ‘தமிழ்’ இதில் கரைந்துவிடும். இன்னொரு லாபமும் இருக்கிறது. ‘பிள்ளைகள் என்னத்துக்கு ஆகும்’ என்று கேட்பவர் தூரத்தில் இருந்து பார்க்கிறவர். அவர் காதில் விழுவது உங்கள் களைப்புக் குரல் மட்டும்தான். ஆறு வயதுப் பேத்தி தட்டுத்தடுமாறித் ‘தூய மரியே, இறைவனின் தாயே’ என்று தொடர்வதைக் கேட்ட பிறகு அந்தக் கேள்வியின் சூடு தணியும். அப்படித் தணியாவிட்டாலும், கற்பிக்கும் பங்கில் ஒன்று அவர் கைக்குப் போயிருக்கும். விமர்சகரை ஆசிரியராக்குவது பழைய உத்திதான்.

திருநாள் கேக்குகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வழிபாட்டு ஆண்டை வீட்டில் வாழ்வது நல்ல எண்ணம்தான். ஆனால் அது சமூக வலைத்தளத்தில் படம்பிடித்துப் போடும் கைவினைப் போட்டியாக மாறியதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாஸ்காக் காலம் முடிந்தபின் குருவானவர் பச்சை உடை அணியும் நீண்ட பொதுக்காலத்தைத் திருச்சபை கோடையோடு சேர்த்து வைத்திருக்கிறது. பெரும் நோன்பும் இல்லை, பெரும் ஆயத்தமும் இல்லை. அதில் நீங்கள் வாரம் மூன்று விழா கொண்டாட வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் குடும்பத்துக்கு உயிருள்ள நாட்களை மட்டும் எடுங்கள். ஜூலை 3, தமிழ் மண்ணோடு சேர்த்தே நாம் நினைக்கும் புனித தோமாவின் திருநாள். அடுத்த நாள் ஊரெல்லாம் அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கை. இரண்டையும் ஒட்டிவைத்து ஒரே பாயசத்தில் முடித்துவிடலாம். ஜூலை 26, இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், அன்னாள் திருநாள். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறுவதும் அதே நாளில்தான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அன்று தொடங்கி ஆகஸ்ட் 5 வரை, 1713இல் எழுந்த அந்தக் கோயிலின் கதை, சப்பரம், கடற்கரைக் கூட்டம், நீங்கள் சிறுமியாக இருந்தபோது திருவிழாக் கடையில் வாங்கிய வளையல் எல்லாம் ஓர் இரவுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு விழா, திருப்பலிக்குப் போங்கள். இந்தியாவில் அதே நாளில் கொடியேற்றி மிட்டாய் தின்ற கதையும் உங்களிடம் இருக்கும். இவை போதும். மற்றக் குடும்பத்தின் கேக் அழகாக இருந்தால், அழகாக இருக்கிறது என்று சொல்லி ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் கணவரின் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நீதானே சொன்னாய்.’ கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்களாகத் தாயையும் தகப்பனையும் சேர்த்தே சொல்கிறது. யோசனையை முதலில் சொன்னவரே சுமக்க வேண்டும் என்ற விதி அதில் இல்லை. ஆனால் இந்த வரியை எடுத்து அவரிடம் வாதாட வேண்டாம், பயன்படாது. இரவு பத்து மணிக்கு, களைப்பில், ‘நீங்கள் எதற்குமே வருவதில்லை’ என்று தொடங்கும் பேச்சும் பயன்படாது. சனிக்கிழமைக் காலை காபியின்போது மூன்றே காரியம் கேளுங்கள். திரை நேரத்தை அவர் அறிவிக்க வேண்டும், மூத்தவன் உங்களை எதிர்த்துப் பழகும் வயதில் இருக்கிறான், இது அவரிடமிருந்து வந்தால்தான் நிற்கும். வாரத்தில் ஒரு மாலை நான்கு பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் தனியாக வெளியே போக வேண்டும். நற்கருணை ஆராதனைக்குப் போனாலும் சரி, காபிக் கடையில் சும்மா உட்கார்ந்தாலும் சரி, எங்கே என்று கணக்குக் கேட்கக்கூடாது. மூன்றாவது, மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அவர் எங்காவது அழைத்துப்போக வேண்டும். குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலான ஆண்கள் செய்கிறார்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் குப்பையை வெளியே வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

எங்கே போவது என்று அவர் கேட்டால் ஓர் இடம் நான் சொல்கிறேன்: கால்வெஸ்டன். ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கடல் பார்த்து வளர்ந்த இருவர் பெற்ற பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். கூடவே உங்கள் மகனுக்கு வரலாறும் மறைக்கல்வியும் ஒரே நாளில் கிடைக்கும். 1900 செப்டம்பர் 8 அன்று வந்த புயலில் அந்தத் தீவு நகரத்தில் குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைப் பலிகொண்ட இயற்கைப் பேரிடர் இன்றும் அதுதான். கடற்கரையில் அருட்சகோதரிகள் நடத்திய புனித மரியா அநாதை இல்லம் இருந்தது. நீர் ஏற ஏற, சகோதரிகள் துணி உலர்த்தும் கயிற்றை வெட்டி, சிறுவர்களைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பத்துச் சகோதரிகளும் தொண்ணூறு பிள்ளைகளும் மாண்டார்கள். மூன்று பையன்கள் மட்டும் மரத்தைப் பிடித்துப் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு நகரம் கட்டிய கடற்சுவரின் மேல் இன்று நடக்கலாம். 1902இல் தொடங்கிய வேலை அது, முதல் பகுதி 1904இல் முடிந்தது. இல்லம் இருந்த இடத்தருகே கடற்சுவர்ச் சாலையில் நினைவுப் பலகை இருக்கிறது.

செப்டம்பர் 8 என்றால் நமக்கு வேளாங்கண்ணித் திருவிழா. கடல் 2004 டிசம்பரில் அங்கே என்ன செய்தது என்பதும் உங்கள் வீட்டில் பேசப்பட்டிருக்கும். பன்னிரண்டு வயதுப் பையனால் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க முடியும், தன் கேள்விகளைத் தன் தந்தையிடம் காரில் கேட்கவும் முடியும். ‘கடவுள் ஏன் விட்டார்?’ என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். கேட்கட்டும், பேசட்டும். சின்னப் பிள்ளைகளிடம் கயிற்றின் கதையைச் சொல்லத் தேவையில்லை, அவர்களுக்கு மணலே போதும். ஒரு எச்சரிக்கை: கடலுக்குள் நீளும் பாறை அணைகளின் பக்கத்தில் குளிக்க இறங்கக் கூடாது, அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. காவலர் இருக்கும் கடற்கரையாகப் பாருங்கள்.

புயல் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2024 ஜூலையில் வந்த பெரில் புயலில் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். குடும்பத்துக்கான அவசரப் பையைத் தயார் செய்யும் பொறுப்பை மூத்தவனுக்குக் கொடுங்கள். ஆறு பேருக்கு எத்தனை நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், தம்பிக்கு என்ன மருந்து, ஞானஸ்நானச் சான்றிதழ் உட்பட எந்தக் காகிதங்கள் எங்கே என்று அவன் பட்டியல் போட்டு, வாங்கி, அடுக்கட்டும். டெக்சாஸ் கேட்கும் ஐந்து பாடங்களில் இரண்டு இதிலேயே வந்துவிடுகிறது.

இனி கொஞ்சம் கடினமான பகுதி. ‘நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பில் கத்தாத தாய் இல்லை. ஆனால் கத்திய பிறகு வெகுநேரம் உடல் நடுங்குகிறதா, குழந்தை தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லையா, முன்பு பிடித்தவை எதிலும் பல வாரமாக மனம் ஒட்டுவதில்லையா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால், இந்தப் பதிலில் சொன்னவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ‘செபித்தால் சரியாகிவிடும்’ என்று பங்கில் யாராவது சொல்லலாம். செபியுங்கள், மருத்துவரையும் பாருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தீர வேண்டியது வேறு, மருத்துவமனையில் தீர வேண்டியது வேறு.

கூடவே, நீங்கள் கேட்கத் தயங்கியதாக எனக்குத் தோன்றும் ஒரு கேள்விக்கும் பதில். வீட்டுக்கல்வி துறவற வார்த்தைப்பாடு அல்ல. மூன்று வருடம் செய்தீர்கள் என்பதற்காக நான்காவது வருடமும் செய்தாக வேண்டியதில்லை. ஒரு பிள்ளையை மட்டும் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அந்த முடிவை ஜூன் மாதக் களைப்பில் எடுக்காதீர்கள். நான் சொன்ன மதிய அமைதியும் அந்த ஒரு மாலையும் நான்கு வாரம் நடக்கட்டும். ஜூலை நடுவில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசுங்கள். அரசுப் பள்ளிகள் உங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் நடுவாக்கில் திறந்துவிடும், சேர்ப்பதாக இருந்தால் அதற்குள் தெரிய வேண்டும்.

தொடர்வது என்று முடிவானால், விண்ணேற்பு விழா கழிந்த திங்கட்கிழமை தொடங்குங்கள். முதல் வாரம் கணக்கும் வாசிப்பும் மட்டும் இருக்கட்டும். இரண்டாவது வாரம் மறைக்கல்வி, எழுத்து. லத்தீன் எப்போது என்று மூத்தவனையே கேளுங்கள். அதற்கு அவன் சொல்லும் நாள் செப்டம்பருக்குள் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.